மாமா மோசம் போன கதை

1

எனக்கு ஒரு பேரன் பிறக்கப் போகிறான். அவனுக்குக் கட்டில் வந்துவிட்டது, தள்ளுவண்டி வந்துவிட்டது, காருக்குள் பூட்டுகிற ஆசனமும் வந்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூட வலயத்துக்குள் வீடு வாங்கினால் பிள்ளை உருப்படுவான் என்று மருமகன் ஜோஷ் இப்போதே கணினியில் வரைபடம் பார்க்கிறான். தொப்புள்கொடியை யார் வெட்டுவது என்பது வரைக்கும் மருத்துவிச்சியோடு கூடிப் பேசித் தீர்மானம் எடுத்தாயிற்று. தீராமல் கிடப்பது பெயர் ஒன்றுதான்.

முதற்பெயரில் நான் தலையிடவில்லை. அது இரண்டு பக்கத்துச் சனத்தின் வாய்க்குள்ளும் நுழைய வேண்டும், கோப்பிக் கடையில் கேட்டால் எழுத்துக்கூட்டாமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மகள் அபி சட்டம் போட்டிருக்கிறாள். அதிலும் நியாயம் உண்டு. அபிராமி என்று நல்ல நாள் பார்த்து நாங்கள் வைத்த பெயரை இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் முதல் கிழமையே கத்தரித்து அபி என்று திருப்பித் தந்தது. மிச்சத்தை அவளும் தேடவில்லை.

நான் கேட்டது நடுப்பெயரை. இந்த நியூசிலாந்து நாட்டில் அப்படி ஒன்று வைப்பார்கள். கடவுச்சீட்டில் இருக்கும், ஆனால் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். யாருக்கும் தொந்தரவில்லாத அந்த இடத்தில் என் தம்பி வசந்தனின் பெயரை வையுங்கள் என்றேன். வசந்தனை அபி பிறப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் கொன்றுவிட்டார்கள். கல்யாணம் கட்டாதவன். எங்கள் தலைமுறை கண்ணை மூடினால் அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை.

அபி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நோ, அம்மா.”

“ஏன் பிள்ளை? அருமையான பேர். ஜோஷுக்கும் வாயில வரும்.”

“வேற எந்த நேம் எண்டாலும் ஓகே. நொட் ஹிஸ்.”

இவர், அதாவது என் கணவர், ஐபாடிலிருந்து தலையைத் தூக்கி, “பேர்தானே, விடுமப்பா” என்றார். இவருக்கு உலகத்தில் எல்லாமே ‘தானே’தான். வீடுதானே, நாடுதானே, பேர்தானே. அன்றிலிருந்து அபி என்னோடு கதைப்பது குறைந்தது. கடமைக்கு வருவாள், கடமைக்குக் கடைக்குக் கூட்டிப்போவாள், காரில் வானொலியைக் கூட்டிவைப்பாள்.

சம்பந்தியம்மா, அதாவது ஜோஷின் தாயார், போன கிழமை மனுகாவ் மாலில் என்னைக் கண்டபோது வழக்கம்போல என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கிறாய், உண்மையாகவே எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். கல்யாண நாளிலிருந்து அவர் இப்படித்தான். வெள்ளைக்காரருக்கு நல்ல பழக்கம் என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

2

வெளிநாட்டுக்கு வந்து நான் பட்ட பாட்டில் பாதி, செத்தவர்களைப் பற்றிச் சொல்லப் போய்ப் பட்டது.

வந்த புதிதில் குடிவரவு அலுவலகத்தில் ஓர் இளம் பெண் முகம் நிறையச் சிரித்தபடி, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு தம்பி, எக்ஸ்பயர்ட் என்றேன். நாங்கள் படித்த ஆங்கிலத்தில் மரியாதையான ஆட்கள் எல்லாரும் எக்ஸ்பயர்தான் ஆவார்கள். அவள் பேனாவை நிறுத்திவிட்டு, என்ன எக்ஸ்பயர்ட், விசாவா பாஸ்போர்ட்டா என்றாள். இரண்டும் இல்லை, அவர்தான் என்றேன். அவள் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தவித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு ஒனிஹங்காவில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. இந்த ஊரில் ஒருவரும் சாவதில்லை, எக்ஸ்பயராவதும் இல்லை. பாஸ் ஆகிறார்கள். ஒரு நாள் ஒரு கிழவி வந்து, என்னுடைய டொன் பாஸ்ட் என்றாள். டொன் அதற்கு முதல் கிழமைதான் கார் ஓட்டும் லைசன்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்கு வந்துபோனவர். நான் எழும்பிக் கையைக் கொடுத்து, கங்கிராஜுலேஷன்ஸ் என்றேன். அதற்குப் பிறகு மனேஜர் என்னை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். துக்கத்தில் இருப்பவர்களோடு எப்படிப் பேசுவது என்ற பயிற்சி. நான் ஊரில் பார்க்காத துக்கத்தையா இவர்கள் படம் கீறிக் காட்டப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு, சான்றிதழை வாங்கி வந்தேன்.

சரி, அது அடுத்தவன் மொழி. எங்கள் மொழி மட்டும் என்ன வாழ்ந்தது? யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் பட்டென்று செத்துப்போனார் என்று சொல்லமாட்டோம். ‘ஆள் மோசம் போயிட்டார்’ என்போம். வயதுபோய்ச் செத்தாலும் மோசம்தான், வாகனம் அடித்துச் செத்தாலும் மோசம்தான். கோயம்புத்தூர்க்காரர் செந்திலைக் கோயிலில் முதன்முதல் சந்தித்தபோது, கூடப் பிறந்தவர்கள் எங்கே என்று அவரும் கேட்டார்.

“ஒரு தம்பி இருந்தவன். மோசம் போயிட்டான்.”

“அடக் கடவுளே! யாருக்கா ஏமாத்தினது? பார்ட்னரா?”

“ஆர் எண்டே தெரியேல்லை.”

“போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?”

“குடுத்து என்ன காண?”

“ஆமா, அதுவும் சரிதான். விடுங்கக்கா. மனுஷன் உயிரோட இருந்தா போதும், திரும்ப சம்பாதிச்சுக்கலாம்.”

அவர் ஊரில் மோசம் போவதென்றால் ஏமாந்து போவதாம். பிறகு விளங்கப்படுத்தியபோது செந்தில் தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழவும் செய்தேன்.

3

வசந்தன் படம் போடுகிறவன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதுவும் விளங்காது. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், ஒரு ஜெனரேற்றர் மூன்றும் வைத்திருந்தவன் ஒரு நடமாடும் தியேட்டர். பிறந்தநாள் வீடு, பெண் பெரியபிள்ளையான சாமத்திய வீடு எதுவென்றாலும் வசந்தனைக் கூப்பிட்டுப் படம் போடுவிப்பார்கள். முற்றத்தில் பாய் விரித்துச் சனம் இருக்கும். ஜெனரேற்றர் போடுகிற சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. கேட்காத வசனத்தை வசந்தன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மர்மப் படம் என்றால் எழுத்து ஓடி முடிவதற்குள் என் காதுக்குக் கிட்ட வந்து, “அக்கா, உவர்தான் ஆள்” என்று கொலைகாரனைக் காட்டித் தந்துவிடுவான். எனக்கு மட்டுமில்லை, முன்வரிசைக்கே கேட்கும். நான் தலையில் குட்டுவேன். “ஆளைத் தெரிஞ்சாத்தான் அக்கா நிம்மதியாப் படம் பார்க்கலாம்” என்று பல்லைக் காட்டுவான்.

ஒரு பின்னேரம் சைக்கிளில் இரண்டு பேர் வந்து கேற்றடியில் நின்று, டெக் ஒன்று பழுது, ஒருக்கா வந்து பாருங்கோ என்று கூப்பிட்டார்கள். அவன் சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடிவைத்துவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு போனான். நான் கல்யாணம் முடித்துக் கொழும்பில் இருந்தேன். அவனைச் சந்தியில் கண்டெடுத்ததாகச் செய்தி வந்தது. பேப்பரில் ‘இனந்தெரியாதோரால் சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்று போட்டிருந்தது. எங்கள் நாட்டில் மிகப் பெரிய கூட்டம் இந்த இனந்தெரியாதோர்தான். எந்த ஊருக்கும் போவார்கள், எந்த வீட்டு வாசலும் அவர்களுக்குத் தெரியும், எல்லாருடைய பெயரையும் சரியாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்களைத்தான் ஒருவருக்கும் தெரியாது. எல்லாப் படத்திலும் கொலைகாரனை முந்திச் சொல்லிவிடுகிறவன், தன்னுடைய விஷயத்தில் மட்டும் சொல்லாமல் போய்விட்டான்.

அதைவிட எங்களைக் கொன்றது ஊர்ச் சனத்தின் வாய். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சுவரில் இருந்த அவன் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்கத்தக்கதாக, “சும்மா சுடுவாங்களே? என்னவும் இருந்திருக்கும்” என்றார்கள். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த அன்றே அம்மா படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வருகிறவர்கள் அவனை அப்படிப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. நான் நியூசிலாந்து வரும்போது அந்தப் படத்தைக் கொண்டுவந்தேன். என் கையும் அதைச் சாறி அலுமாரிக்குள்தான் வைத்தது.

ஊரில் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் வருடா வருடம் திவசம் செய்கிறார். இங்கே நான் செய்வது இவ்வளவுதான்: அன்றைக்கு வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, தொலைக்காட்சி இல்லை. அபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு முறை அந்தப் படத்தோடு அலுமாரியடியில் நான் நின்றதைக் கண்டுவிட்டு, இது யார் என்று கேட்டாள். மாமா என்றேன், நடந்ததை ஒரு வரியில் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. தாயின் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருக்கிறாளே, என்ன குணமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

4

செந்தில் இப்போது ‘மாதம் ஒரு உலகப் படம்’ என்று ஒன்று நடத்துகிறார். ஒனிஹங்காவில் ஒரு பழைய ஹோலை ஞாயிறு மத்தியானத்தில் வாடகைக்கு எடுத்து, வெள்ளைத் திரை கட்டி, ஒக்லாண்டில் உள்ள தமிழ்ச் சனத்துக்கு உலகத்தைக் காட்டுவது நோக்கம். ஈரான் படத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள், அதிலும் இரண்டு பேர் வேறு ஹோலைத் தேடித் தவறி வந்தவர்கள். இந்த மாதம் ‘ஜெர்மன் க்ரைம் படம்’ என்று வாட்ஸப்பில் போட்டதும் ஹோல் நிரம்பிவிட்டது. யாழ்ப்பாணத்தானுக்கு ஜெர்மனியில் ஒரு மச்சானாவது இல்லாவிட்டால் அவன் யாழ்ப்பாணத்தானே இல்லை. மச்சான் இருக்கிற றோட்டைத் திரையில் காட்டுவார்களா என்று பார்க்கத்தான் பாதிச் சனம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தனின் நாளாகப் போயிற்று. நான் வரவில்லை என்றேன்.

“ரீவிதானே போடக்கூடாது” என்றார் இவர். “இது புரொஜெக்ரர். அதில கணக்கில்லை.”

இவர் ஒரு சட்டத்தரணியாக வந்திருக்க வேண்டியவர். கணக்காளராகப் போனது கோர்ட்டின் அதிர்ஷ்டம். தவிர, படம் போடுகிறவனின் நாளில் படம் பார்த்தால் என்ன குற்றம் என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது. எங்கள் கார், ஓடத் தகுதியானது என்கிற வோரன்ட் கிடைக்காமல், கராஜில் நின்றது. ஊரில் வோரன்ட் இருந்தால் பொலிஸ் பிடிக்கும், இங்கே வோரன்ட் இல்லாவிட்டால் பொலிஸ் பிடிக்கும். ஆகவே அபிதான் வந்து கூட்டிப்போனாள். இறக்கிவிட்டுத் திரும்பிப் போகத்தான் இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது, அவளுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மெத்தைக் கதிரையையும் செந்தில் போட்டுக்கொடுத்தார். இருந்துவிட்டாள்.

படம் தொடங்குமுன் செந்தில் எழும்பி, ஹோல்காரரின் விதிகளை வாசித்தார். தீப்பிடித்தால் எந்தக் கதவு, நிலம் நடுங்கினால் எந்த மேசைக்குக் கீழே, சமையலறைக் கத்தியைப் பாவித்தால் கழுவி எந்த மேசை லாச்சிக்குள் வைப்பது எல்லாம் சொன்னார். கொலைப் படம் பார்க்க இவ்வளவு பாதுகாப்பான இடம் வேறு இல்லை.

5

படத்தில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒரு சிறிய நகரம். பஸ் தரிப்பிடத்தில் இரண்டு இளந்தாரிகளுக்குள் வாய்த்தர்க்கம், ஒருவன் மற்றவனைக் குத்திவிடுகிறான். குத்தியவனைப் பொலிஸ் உடனே பிடித்துவிடுகிறது. அவனும் ஓம் நான்தான் என்று சொல்லிவிடுகிறான்.

“சரி, ஆளைப் பிடிச்சாச்சு” என்றார் இவர் இருட்டுக்குள். “இனி ரெண்டு மணித்தியாலம் என்னத்தைக் காட்டப்போறாங்கள்?”

காட்டியது இரண்டு வீடுகளை. செத்தவனின் வீடு, கொன்றவனின் வீடு. இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. இரண்டு வீட்டிலும் ஒரு தாய், ஒரு தமக்கை. அங்கே சூப் குடிக்கிறார்கள், இங்கேயும் சூப் குடிக்கிறார்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. எங்கள் சனத்துக்குப் பொறுக்கவில்லை.

“உதென்ன செத்தவீடு? ஒரு சத்தம் இல்லை, அழுகை இல்லை.”

“அயல் அட்டையில ஒருத்தரும் சமைச்சுக் கொண்டுபோய்க் குடுக்கமாட்டினமே?”

“இஞ்சை பாரும், உந்த றோட்டு எங்கட மச்சான் வீட்டு றோட்டு மாதிரியே கிடக்கு!”

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். செத்தவனின் வீட்டில் அவன் படத்தைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். அவனுடைய தமக்கை ஒவ்வொரு பின்னேரமும் வேலையால் வந்து, அவனுடைய கைத்தொலைபேசியை எடுத்து மின்சாரத்தில் பூட்டிவிடுகிறாள். சார்ஜ் முடியவிடக்கூடாது என்கிற மாதிரி. ஒரு நாள் அது அடிக்கிறது. யாரோ மாறி அடித்த அழைப்பு. அவள் எடுத்து, “அவன் இப்போது இங்கே இல்லை” என்கிறாள். அதற்கு மேல் எனக்குத் திரை தெரியவில்லை. சாறித் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது படம் மற்ற வீட்டுக்குப் போயிருந்தது. கொன்றவனின் தாய், சுவரில் இருந்த மகனின் படத்தைக் கழற்றி, அலுமாரியில் துவாய்களுக்கு நடுவே ஒளித்துவைக்கிறாள். மகள் வாசலில் நின்று அதைப் பார்க்கிறாள். தாய் அலுமாரியைப் பட்டென்று சாத்துகிறாள். ஒதுக்குப்புறத்தில் இருந்த அபியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வயிற்றின்மேல் கையை வைத்தபடி, உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எதற்கும் கண்ணீர் வரும். எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. தாயும் மகளும் ஒரே படத்துக்கு அழுகிறோமே, வானொலியைக் கூட்டிவைக்காமல் திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன்.

6

படம் முடிந்ததும் தேநீரும் மட்டன் ரோல்ஸும் வந்தன. செந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “படம் நமக்கு என்ன சொல்ல வருது? யாராச்சும் பேசலாமே” என்றார். கேட்டிருக்கக் கூடாது.

இளைப்பாறிய பொறியியலாளர் ஒருவர் எழும்பி, பிடிபட்டவன் கொலைகாரன் இல்லை, பஸ் ஓட்டுநர்தான் என்று நிறுவினார். பஸ் ஓட்டுநர் படத்தில் ஒரு முறைதான் வருகிறார், அதுவும் முதுகுதான் தெரிகிறது. அதுதான் சந்தேகமாம். இவர் அதை மறுத்து, செத்தவனின் தமக்கைதான் என்றார். இல்லாவிட்டால் ஏன் அந்தத் தொலைபேசியை அவள் கையைவிட்டு விடவில்லை? சபை இரண்டாகப் பிரிந்தது. பின்வரிசையில் ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடி, “எண்டாலும் அந்தச் செத்த பொடியனிலையும் என்னவோ பிழை இருந்திருக்கும். சும்மா குத்துவாங்களே?” என்றார்.

நான் எழும்பியது எனக்கே தெரியாது.

“ஆர் செய்தது எண்டு செத்தவன்ர தாய்க்குத் தெரியும். செய்தவன் தன்ர வாயால ஓம் எண்டும் சொல்லிப்போட்டான். அந்த வீட்டுக்காரர் குடுத்து வைச்சவை” என்றேன். “உந்தப் பஸ் டிரைவரைக் கொண்டுவந்து அதையும் அவையிட்டைப் பறிக்காதேங்கோ.”

செந்தில் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் பார்த்து மெதுவாக, “சாரிக்கா” என்றார். கோயில் வாசலில் ஏமாந்த தம்பி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

7

அபி எனக்கு முன்னரே காருக்குள் போய் இருந்தாள். நான் ஏறியதும் கதவைச் சாத்தினாள். வானொலியைப் போடவில்லை. மழையில் கண்ணாடிகள் ஆவி படிந்து புகார் பிடித்துக் கிடந்தன.

“நீங்க ரோல்ஸ் சாப்பிடேல்லை. இண்டைக்குத்தானே அந்த டே?”

“ஓம் பிள்ளை.”

“அம்மா, அந்தப் படத்தில... அந்த மம் ஃபோட்டோவை ஹைட் பண்ணினது. நீங்களும் அப்பிடித்தானே? சாறிக்குள்ள.”

“ஓம்” என்றேன். அவள் அதைக் கவனித்தாளே என்று நெஞ்சு இளகியது.

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மூச்சை இழுத்துவிட்டாள்.

“மாமா யாரைக் கில் பண்ணினவர்?”

மழைச் சத்தத்தில் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்தேன். “என்ன?”

“நான் சின்னப் பிள்ளை இல்லை. சொல்லலாம். ஐ வோன்ட் ஜட்ஜ் யூ, அம்மா. ஹூ டிட் ஹி கில்?”

“ஆரடி உனக்கு இப்பிடிச் சொன்னது?”

“நீங்கதான்.”

“நானோ!”

“அலுமாரிக்குப் பக்கத்தில. நீங்கதான் சொன்னீங்கள். கூடாத ஆக்கள் வந்து கூப்பிட்டவை, மாமா அவையோட போனவர், மோசம் போயிட்டார் எண்டு. மோசம் எண்டால் பேட். ஹி வென்ட் பேட்.”

அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருடமும் அடக்கிவைத்திருந்ததை ஆங்கிலமும் தமிழுமாகக் கொட்டினாள். மாமா ஏதோ பெரிய குற்றம், அநேகமாகக் கொலை, செய்துவிட்டு ஊர்ச் சிறையில் மறியலில் இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாளாம். வருடத்தில் ஒரு நாள் நாங்கள் மச்சம் சாப்பிடாமல், தொலைக்காட்சி போடாமல் இருப்பது, அவர் கெடுத்த குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறதுக்காம். மறியலால் விட்டால் நேரே ஒக்லாண்டுக்கு வந்துவிடுவார் என்று சின்ன வயதில் வாசல் மணி அடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாளாம். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் கீறச் சொன்னபோது மாமாவின் கொப்பை மட்டும் கீறாமல் விட்டாளாம்.

“கல்யாணத்துக்கு முதல் ஜோஷுக்குச் சொன்னனான். அது ஃபெயார் தானே. ஹி வாஸ் ஸோ நைஸ் அபௌட் இட்.”

“ஜோஷுக்கோ?”

“அவன்ட மம்முக்கும்.”

சம்பந்தியம்மாவின் இரண்டு கைகளும் அப்போதுதான் எனக்கு விளங்கின. உண்மையாகவே எப்படி இருக்கிறாய் என்று அந்த மனிசி கல்யாண நாளிலிருந்து கேட்டது, ஒரு கொலைகாரனின் தமக்கையை. எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அபி பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. சும்மா சுடுவாங்களே என்று கேட்ட சனத்துக்குப் பயந்து நான் கப்பலேறாத குறையாக உலகத்தின் அடிக்கு ஓடிவந்தேன். அவர்கள் சொன்ன தீர்ப்பையே என் வாயால், என் மடியில் வளர்ந்த பிள்ளைக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன்.

“அபி, இஞ்சை பார். எங்கட ஊரில மோசம் போறது எண்டால் சாகிறது. மாமா செத்துப்போனவர். சைக்கிளில ரெண்டு பேர் வந்து கூப்பிட்டுக் கொண்டுபோய்ச் சுட்டவங்கள்.”

சுட்டவங்கள் என்ற சொல்லை இந்த நாட்டில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சொன்னேன்.

“யார்?”

“தெரியாது பிள்ளை.”

“வை? மாமா என்ன செய்தவர்?”

“படம் போட்டவர். ஊர் வீடுகளுக்குப் போய்ப் படம் போட்டுக் காட்டுவார். கொலைகாரன் ஆர் எண்டு முதலே சொல்லிச் சொல்லி எல்லாரிட்டையும் ஏச்சு வாங்குவார். வேற ஒண்டும் செய்யேல்லை.”

“சும்மாவா சுட்டவங்கள்?”

“ஓம். சும்மா.”

அவள் இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெரிய வயிற்றோடு எட்டி என்னைக் கட்டிப்பிடித்தாள். எங்களுக்கு நடுவில் பேரன் உதைத்தது எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. இவர், தலையில் நனைந்த கடதாசித் தட்டோடு ஏறினார்.

“நான் சொல்லுறன், அந்தத் தமக்கைக்காரிதான்...” என்று தொடங்கியவர், எங்களைக் கண்டதும் நிறுத்தினார். “என்ன நடந்தது?”

அபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமாவின்ட பேரை இன்னொருக்கா சொல்லுங்கோ, அம்மா. ஸ்லோவா.”

“வசந்தன்.”

“வசந்தன்” என்றாள். ‘த’வை எங்கிருந்தோ சரியாக எடுத்துவந்தாள். பிறகு பின்னுக்குத் திரும்பி, தகப்பனுக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடு, தனக்குத் தெரிந்த தமிழில் கவனமாகச் சொன்னாள்.

“அப்பா, மாமா மோசம் போகேல்லை.”

இவர் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார். எங்கள் தமிழில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். தம்பி சாகவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு செய்தியை எனக்கு ஒருவரும் கொண்டுவந்ததில்லை. அபியின் தமிழில் பிழை கண்டால் பல்லுக்குள் நிற்காமல் திருத்துகிற வாய் என்னுடையது. அன்றைக்குத் திருத்த மனம் வரவில்லை.

“ஓம் பிள்ளை” என்றேன். “போகேல்லை.”